மருந்தரின் தராசு

ஸ்காபரோ நகரம் முழுவதையும் அரிதட்டில் போட்டு அரித்தாலும் மருந்தரைப் போல ஒரு பயந்த மனிதரைக் கண்டெடுக்க முடியாது. யானையை நின்ற இடத்திலேயே விழுத்தக்கூடிய துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது என்பதும், அதற்கு வேண்டிய தோட்டாக்களை அவர் தன் கையாலேயே செய்தார் என்பதும் வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரூஜ் பக்கத்தில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று அவருடையது. மேலே அவர் தனியாக. கீழே, பேஸ்மென்ற் என்கிற நிலக்கீழ்த் தளத்தில் நானும் மனைவியும் வாடகைக்கு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர எவருக்கும் அது தேவைப்படவில்லை. தோட்டாவுக்குள் போடுகிற வெடிமருந்தை அவர் வெறுமனே ‘மருந்து’ என்பார். “இண்டைக்கு மருந்து போடவேணும்”, “மருந்து முடியுது” என்று சாதாரணமாகச் சொல்வார். ஆகவே மருந்தர்.

பெயரைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு மன்னார் அன்ரி ஒருநாள் முழங்காலைத் தேய்த்தபடி வந்தார்.

“தம்பி, நீர் மருந்து வைச்சிருக்கிறீராம். இந்த முழங்கால் நோவுக்கு ஏதும் இருக்கோ?”

“அன்ரி, என்ர மருந்தைப் போட்டால் நோவும் இருக்காது, முழங்காலும் இருக்காது.”

அன்ரி அதை ஏதோ கடுமையான சிகிச்சை என்று எடுத்துக்கொண்டு, போடுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்ததாகக் கேள்வி.

கடுகு தாளிக்கும்போது மருந்தர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவார். கேட்டால், “கடுகும் வெடிக்கிற சாமான்தானே” என்பார். பக்கத்து ஊரான மார்க்கத்துக்குப் போவதென்றால் வானைச் சுற்றி மூன்று தரம் நடந்து சில்லுகளைப் பார்ப்பார். நாங்கள் உள்ளே இருந்து மூன்று தரம் பெருமூச்சு விடுவோம். அவருக்குக் கலியாணம் பேசி வந்த ஒரு பெண்ணின் விவரங்களை அவர் மூன்று தரம் சரிபார்த்து முடிப்பதற்குள், அந்தப் பெண் இன்னொருவரை முடித்து, பிக்கரிங்கில் வீடு வாங்கி, பிள்ளைக்குக் காதும் குத்திவிட்டாள்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் துவக்கு எப்படி வந்தது? அவர் வேலை செய்த மெஷின் ஷொப்பில் ஐனோ என்று ஒரு பெரியவர், பின்லாந்துப் பூர்வீகம். அவர் ஒரு வருஷம் மருந்தரை வடக்கே மூஸ் வேட்டைக்குக் கூட்டிப்போனார். மூஸ் என்றால் குதிரையை விட உயரமான ஒரு மான். அதை விழுத்தப் பெரிய துவக்கு வேண்டும். மருந்தருக்குக் காடு பிடித்துவிட்டது. துவக்கும் பிடித்துவிட்டது. கடையில் விற்கும் தோட்டாதான் பிடிக்கவில்லை.

“உதை ஆர் செய்தவன்? செய்யேக்க மனுசியோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருந்தவனோ, ஆருக்குத் தெரியும்?”

ஆகவே, வெறும் தோட்டாக் கோதுகளை வாங்கித் தானே செய்யத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் அனுமதிப் பத்திரம் இருந்தது. அவையும் நெருப்புப் பிடிக்காத பெட்டி ஒன்றில் இருந்தன.

ஊரில் நடந்த சண்டையில் ஷெல்லுக்கும் துவக்குக்கும் பயந்து ஓடி வந்த சனங்கள் நாங்கள். பேஸ்மென்றைப் பார்க்க வந்த அன்று, பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் என் மனைவி கேட்டது ஒரேயொரு கேள்வி.

“அண்ணை, உது வெடிக்காதோ?”

பதில் ஒன்றரை மணித்தியாலம் நீடித்தது. தோட்டாவில் நாலு சாமான்: பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி தருகிற சின்ன மூடி, உள்ளே மருந்து, வாயில் சன்னம், பாய்ந்து போகிற குண்டு அதுதான். மருந்து ஒரு இரும்பு அலுமாரியில், பொறி மூடிகள் வேறொன்றில், துவக்கு இன்னுமொன்றில். மூன்றுக்கும் மூன்று பூட்டு. சாவிகள் அவருடைய இடுப்பில். வேலை மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்துதான் இருக்கலாம். வேலை நடக்கும்போது ரேடியோ இல்லை, கதை இல்லை, ரெலிபோன் வயர் கழற்றப்பட்டுவிடும். கைநூலில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கிட்டக்கூட அவர் போவதில்லை. சன்னத்தை வைத்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோர்ச் அடித்துப் பார்ப்பார், பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல.

“மருந்து கூடினால் துவக்கு வெடிக்கும். போட மறந்தால் சன்னம் குழாய்க்குள்ள இறுகி நிக்கும். அது தெரியாமல் அடுத்த வெடி வைச்சால் அப்பவும் துவக்கு வெடிக்கும். ரெண்டிலயும் துவக்குக்குப் பின்னால இருக்கிறது எங்கட மூஞ்சி. விளங்குதோ?”

விளங்கியது. நாங்கள் வாடகைக்கு வந்தோம். உலகத்திலேயே மிகவும் பாதுகாப்பான பேஸ்மென்ற் அதுதான் என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். அந்த அறையின் சாவி ஒன்றை மருந்தர் என்னிடமே தந்தார். “தற்செயலா நெருப்புக் கிப்பு வந்தால், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தீயணைப்புக்காரருக்குச் சொல்ல ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்.”

அந்த நம்பிக்கையான ஆள் நான்தான். மருந்தரின் கதைகளை நான் எத்தனையோ பிறந்தநாள் விருந்துகளில் சொல்லிச் சனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் ரோர்ச் அடிக்கும் விதத்தை நடித்துக் காட்டினால் கைதட்டல் விழும். இனி வருகிற பகுதியை மட்டும் எந்த விருந்திலும் சொன்னதில்லை.

அந்தப் புரட்டாசியில் என் மனைவி தன் சங்கிலியை ஒரு நகைப் பத்தரிடம் கொடுத்து, அறுந்த கொக்கியை ஒட்டுவித்தாள். திரும்பி வந்த சங்கிலியைக் கையில் வைத்து ஏந்தி ஏந்திப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, நிறை குறைஞ்சிருக்குது. பத்தர் எடுத்துப்போட்டார்.”

“உன்ர கை என்ன தராசோ?” என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே பொறி தட்டியது. பக்கத்து அறையில் மருந்து நிறுக்கிற தராசு இருந்தது. நீண்ட கோலும், ஒரு பக்கம் சின்னத் தட்டுமாக, தலைமயிர் விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும் தராசு. அது அலுமாரிக்குள் இல்லை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியின் கீழ் இருந்தது. சாவி என் கையில். மருந்தர் வேலையில்.

போனோம். துணியை நீக்கினேன். சங்கிலியைப் பூப்போல வைக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். விரலில் இருந்து வழுக்கித் தட்டில் ‘சளக்’கென்று விழுந்தது. கோல் துள்ளி எழும்பி, தான் தங்கியிருந்த கூர் விளிம்பில் இருந்து கழன்று மேசையில் போய் அடித்தது.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோலை எடுத்துத் திரும்பவும் வைத்தேன். ஆடியது, நின்றது, நல்ல பிள்ளை மாதிரிப் பூச்சியம் காட்டியது. சங்கிலியை நிறுத்தேன். நிறை மயிரிழையும் பிசகாமல் சரி. பத்தரைத் திட்ட முடியாமல் போனதில் மனைவிக்குச் சிறிய ஏமாற்றம்.

“மருந்தர் அண்ணையிட்டைச் சொல்லிப்போடுங்கோ” என்றாள்.

“என்னத்தைச் சொல்லுறது? தராசு நல்லாத்தானே நிக்குது.”

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம், மருந்தர் படியிறங்கி வந்தார். மறுநாள் காலை வேட்டைக்குப் புறப்பாடு. பெரிய மூஸ் சுடுவதற்கு அரசாங்கம் சீட்டுக் குலுக்கித்தான் அனுமதி கொடுக்கும். பல வருஷம் கேட்டுக் கேட்டு, அந்த வருஷந்தான் அவருக்கு விழுந்திருந்தது. கோடை முழுவதும் அறுபது தோட்டா செய்து வைத்திருந்தார். இன்னும் பத்துப் போடலாம் என்று வந்தார். வேலை தொடங்குமுன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை எங்கள் வாசலில் நின்று கேட்டார்.

“தராசில ஆரும் கை வைச்சனீங்களோ?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

முன்னைய கிழமைதான் ஒரு விருந்தில் அவரை நடித்துக் காட்டியிருந்தேன். ஒருநாளும் பிழை விடாத மனிதரிடம் போய்ப் பிழையை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

“இல்லை அண்ணை.”

“ஒருத்தரும்?”

“ஒருத்தரும்.”

“நல்லது” என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஒரு மணித்தியாலம் சத்தமில்லை. பிறகு ‘டொக்... டொக்...’ என்று சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. பின்னேரம் முழுக்கக் கேட்டது. “பயணத்துக்குப் பெட்டி அடிக்கிறார் போல” என்று சொல்லி, ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

காலையில் ஐஸ் பெட்டிகளை வானுக்குள் ஏற்ற உதவினேன். மருந்தரின் முகம் சரியாக இல்லை, கண்கள் சிவந்திருந்தன. துவக்கை அவரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது என்பதால் அது வானில் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவுமில்லை. அவர் வானை மூன்று தரம் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடந்து போனார். மூன்று தரமும் வாயைத் திறந்தேன். மூன்றாம் தரம் வாயில் இருந்து வந்தது இதுதான்:

“கவனம் அண்ணை.”

மருந்தரைப் பார்த்துக் ‘கவனம்’ என்று சொன்ன முதலாவது ஆள் நான்தானாக இருக்கும். அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்போது நான் நகரத்தில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக எட்டு மணித்தியாலம். யோசிப்பதற்கு அதைவிடப் பொல்லாத இடம் கிடையாது. முதல் நாள், ‘தராசு சரியாகத்தான் நின்றது’ என்று யோசித்தேன். இரண்டாம் நாள், ‘நான் பார்த்தபோது சரியாக நின்றது’ என்று யோசித்தேன். மூன்றாம் நாள், “துவக்குக்குப் பின்னால இருக்கிறது எங்கட மூஞ்சி” என்று மருந்தரே கூண்டுக்குள் வந்து சொல்லத் தொடங்கினார். மனைவி என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அன்று பின்னேரம் மேலே போய், குளிர்ப்பெட்டியில் அவர் ஒட்டி வைத்திருந்த நம்பரைச் சுழற்றினேன். காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பலசரக்குக் கடை அது. ஒரு பெண்மணி எடுத்தார். என் ஆங்கிலம் அந்த நாளில் ‘சாவியை விட்டுவிட்டுப் போங்கள்’ என்ற அளவில் நின்றது. நடந்த உரையாடலின் தமிழ் இது:

“வேட்டைக்கு வந்திருக்கும் தமிழருக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும்.”

“சொல்லுங்கள்.”

“சுடவேண்டாம் என்று சொல்லுங்கள்.”

“ஐயா, அவர் அதற்குத்தானே வந்திருக்கிறார்?”

“ஓம். ஆனால் சுடவேண்டாம்.”

“ஏன் என்று கேட்டால்?”

அந்த இடத்திலே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘தராசை நான் விழுத்தினேன்’ என்பது ஒன்றும் கடினமான ஆங்கிலம் இல்லை. நான் சொன்னது:

“மத காரணம்.”

பெண்மணி மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டார். நான் ரெலிபோனை வைத்துவிட்டு, கடவுளையும் இதற்குள் இழுத்துவிட்டேனே என்று அந்த இடத்திலேயே குந்தினேன்.

அடுத்த சனிக்கிழமை வான் வந்து நின்றது. மருந்தர் இறங்கினார். இரண்டு கண், இரண்டு காது, பத்து விரல். எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூஸ் இல்லை. எங்கள் மேசையில் தேத்தண்ணியோடு இருந்து அவர் சொன்னார்:

“வெக்கத்தில உமக்கு அண்டைக்குச் சொல்லாமல் போயிட்டன் ஐசே. தராசு பழுது. ஒரே சாமானைப் பத்துத் தரம் வைச்சால் ஏழு தரம் சரி, மூண்டு தரம் பிழை. ஆரும் தொட்டிருந்தால், சரி, இண்டைக்குத்தான் பழுதாப் போச்சு எண்டு விடலாம். ஒருத்தரும் தொடேல்லை. அப்ப எண்டையில இருந்து பழுது? மேயிலயோ? ஜூனிலயோ? முந்தி நான் ஒருக்கா வைச்சுத்தான் சோதிக்கிறனான். அந்த ஒருக்கா, ஏழில ஒண்டோ மூண்டில ஒண்டோ?”

“அப்ப... தோட்டா?”

“அறுவதையும் கழட்டிப்போட்டன். சன்னம் வேற, மருந்து வேற, கோது வேற.”

அந்த ‘டொக் டொக்’ இதுதான். ஒரு சுத்தியல் போன்ற கருவியின் தலைக்குள் தோட்டாவை இறுக்கிக் கட்டையில் தட்டினால் சன்னம் கழன்று வரும். ஒரு கோடையின் வேலையை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றியபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“துவக்கை வீட்டிலயே பூட்டிப்போட்டுத்தான் போனனான். ஐனோ தன்ரயைத் தாறன் எண்டவர். நான் சோதிச்சுப் பார்க்காத துவக்கில, ஆரோ செய்த தோட்டாவைப் போட்டுச் சுடுற ஆளோ நான்? சமையல் செய்துகொண்டு இருந்தன். நாலாம் நாள், சட்டி கழுவிக்கொண்டு நிக்கிறன், மூஸ் வந்திட்டுது. உந்த வேலி தூரம். நான் அகப்பையோட நிண்டனான். அது என்னைப் பாத்துது. நான் அதைப் பாத்தன். பிறகு அது போயிட்டுது.”

மனைவி எழுந்து குசினிக்குள் போனாள்.

“ஒண்டு சொல்லவேணும் ஐசே. நீர்தானே போன் எடுத்தனீர்? கடைக்காரி வந்து மத காரணம் எண்டாள், ஐனோ தொப்பியைக் கழட்டிப்போட்டார். உமக்கு ஏதோ மனசில பட்டிருக்குது. கூடப் பிறந்தவன்கூட உப்பிடிப் பதைச்சு எடுக்கமாட்டான்.”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் தேத்தண்ணியை ஊதினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், கோயிலிலும் விருந்துகளிலும் மருந்தர் என்னைத் தோளில் தட்டி அறிமுகப்படுத்தினார். “என்ர பேஸ்மென்ற் ஆள். காட்டில எனக்கு ஏதும் நடக்கப்போகுதெண்டு இஞ்ச இருந்தே உணர்ந்தவர்.” என்னை ஒரு குட்டிச் சாமியார் ஆக்கிவிட்டார். ஒரு அக்கா தன் மகனின் இமிக்ரேஷன் விஷயம் சரிவருமா என்று என்னிடம் கேட்டார். சரிவரும் என்றேன். வேறென்ன சொல்வது?

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் மருந்தர் கையில் கடதாசியோடு வந்தார். தராசு செய்த நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதவேண்டும். நான் எழுத்தில் கெட்டிக்காரன் என்று அவருக்கு எண்ணம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன்.

“‘இந்தத் தராசைப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை மாதிரி வைச்சிருந்தனான்’ எண்டு எழுதும்.”

எழுதினேன்.

“‘விழேல்லை, நனையேல்லை.’”

எழுதினேன். எழுத்து கோணியது.

“‘என்னைத் தவிர ஒருத்தரும் தொடேல்லை. இதுக்கு என்ர வீட்டில இருக்கிற நேர்மையான ஒருத்தர் சாட்சி.’ அதுக்குக் கீழ உம்மட பேரைப் போட்டு ஒரு கையெழுத்தும் வையும்.”

பேனை நின்றுவிட்டது. மனைவி சுவரோடு சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, தராசை நான்தான் விழுத்தினனான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி, சாவி, வாசலில் சொன்ன பொய், மத காரணம் எல்லாவற்றையும். மருந்தர் என் கையில் இருந்த பேனையை வாங்கி மூடினார். மூடிவிட்டுக் கேட்டார்:

“சங்கிலி எத்தனை பவுண்?”

“மூண்டு.”

“நிறை சரியா இருந்ததோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப பத்தர் நேர்மையான ஆள்.” கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். “தராசு செய்தவனும் நேர்மையான ஆள்.”

மூன்றாவது ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. படியேறினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்:

“நான் தராசைத்தான் சந்தேகப்பட்டனான் ஐசே.”

திட்டியிருக்கலாம். வீட்டைவிட்டு எழுப்பியிருக்கலாம். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நான் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மனைவி தமிழ்ப் பத்திரிகைகளில் பேஸ்மென்ற் விளம்பரங்களை வட்டம் போட்டு வைத்தாள். மருந்தர் எங்களோடு பேசவில்லை. ஆனால் முதல் பனி கொட்டியதும், எங்கள் வாசல்படிக்கு உப்புத் தூவ அவர் மறக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

மார்கழியில் ஒருநாள் காலை கதவில் தட்டுச் சத்தம். புதுத் தராசு வந்திருந்தது.

“வாரும்.”

அறைக்குள் என்னை இருத்தி, ஒரேயொரு தோட்டாவுக்கு உரிய மருந்தை என்னைக் கொண்டு நிறுக்க வைத்தார். அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் அதைத் தானும் நிறுத்தார், மூன்று தரம். ரோர்ச் அடித்துப் பார்த்தார். சன்னத்தை வைத்து மூடினார். பெட்டிக்குள் வைத்து, மேலே என் பெயரை எழுதினார். பிறகு, “கோட்டைப் போடும்” என்றார்.

மார்க்கத்துக்கும் அப்பால் ஒரு சுடுதளம். கொட்டும் குளிர். என் காதுக்குப் பெரிய மூடியை மாட்டிவிட்டுத் தூரத்தில் நிற்கச் சொன்னார். துவக்கைத் திறந்து குழாயைப் பார்த்தார். நான் நிறுத்த மருந்து இருந்த தோட்டாவை உள்ளே போட்டுப் பூட்டினார். கன்னத்தைத் துவக்கின் பிடியில் வைத்துச் சாய்ந்தார்.

“அண்ணை, வேண்டாம்” என்று கத்தினேன். அவருடைய காதிலும் மூடி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வெடியின் அதிர்வு நெஞ்சுக்குள் வந்து போனது. பிறகு ஒன்றுமில்லை. சப்பாத்தின் கீழ் பனி நெரிபடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

என் ஒரு காதின் மூடியை யாரோ மெதுவாகத் தூக்கினார்கள்.

“கண்ணைத் திறவும் ஐசே. நான் இருக்கிறன்.”

உடனே திறக்கவில்லை. கண்ணில் இருந்ததை அவர் காணக்கூடாது என்று சற்று நேரம் மூடியபடியே நின்றேன்.